கதிர் திரும்பிப் பார்க்காத நாள்

“அண்ணே, கதிர் பேசாததுக்கு இவங்க காரணம் கண்டுபிடிச்சிட்டாங்க. நான்தானாம்.”

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை. என் தங்கை மாலதி, கல்யாணமாகிப் போன சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. கீழே ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தாள். மாலதி சிரிப்பு முகம் போட்டால், அழுது முடித்துவிட்டாள் என்று பொருள்.

நான் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி எந்த ஆண்டு ஓட்டுக் கூரைக்கு மாறியது, எந்த ரப்பர்த் தோட்டம் எப்போது மூடப்பட்டது என்று தேதி தேடி எழுதுவது என் பொழுதுபோக்கு. தேதி தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் சென்னைக்கு விமானம் ஏறினேன்.

வழக்கு இதுதான். தங்கை மகன் கதிருக்கு இரண்டே கால் வயது. பேச்சு வரவில்லை. மாலதி ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கதிரின் முதல் பிறந்தநாள் முடிந்த பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து பிள்ளை கையில் செல்போன் போனது, அதனால்தான் பேச்சு நின்றது என்பது அவள் மாமியார் செண்பகத்தம்மாளின் தீர்ப்பு. அவள் வேலையை விட வேண்டும், குலதெய்வத்துக்கு மொட்டை போட வேண்டும், மூன்று வயது வரை டாக்டர் பக்கம் போகக் கூடாது. மாலதியோ அடையாற்றில் குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவரிடம் ஒரு மாதம் கழித்து வரும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை நடக்குமா நடக்காதா என்பதுதான் என் பயணம்.

புறப்படும் முன் ஒரு மாதம் ஆட்டிசம் பற்றிப் படித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, தான் பார்த்ததை நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் தேடாதது. பேச்சுக்கு வெகு முன்பே இவை தெரியும் என்று படித்ததிலெல்லாம் இருந்தது. செல்போன் பேச்சைத் தாமதப்படுத்தலாம். ஆட்டிசத்தை உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எனவே என் திட்டம் எளிது. மாலதி வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே அறிகுறி இருந்தது என்று தேதியோடு காட்டிவிட்டால் அவள் விடுதலை.

திங்கட்கிழமை காலை விமான நிலையத்திலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய தகரத் தடுப்புகளுக்கிடையே ஆட்டோ நுழைவதும் திரும்புவதுமாக இருந்தது. ஒரு முனையில் சாலையே இல்லை.

“இன்னா சார் பண்றது. போன வாரம் இந்தாண்டதான் வுட்டான். இப்ப அடச்சி வச்சிக்கினு கீறான்,” என்றார் ஓட்டுநர். கைப்பிடியில் மாட்டிய செல்போனில் வழியும் சிரிப்பு வீடியோவும் மாறி மாறி ஓடின. எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

“எல்லாத்துக்கும் இந்த போன்தான் சார் காரணம். என் பேத்தி போன் இல்லன்னா சோத்துக்கு வாயே தொறக்காது.”

“பேத்தி பேசுறாளா?”

“அவளா? வாய மூட முடியாது சார்.”

சொல்லிவிட்டு அடுத்த தகரத் தடுப்பைச் சுற்றி வண்டியைத் திருப்பினார். பிறகு, “ஆனாலும் போன்தான் சார்,” என்றார்.

தங்கை வீட்டில் தங்கவில்லை. சண்டை போட வந்தவன் சம்பந்தி வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுச் சண்டை போட முடியாது. மாடவீதிக்குப் பின்னால் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். கீழேயே சிற்றுண்டிச் சாலை. பொங்கலில் மிளகு முழுதாக இருந்தது, ஒதுக்காமல் தின்றேன். எங்கள் ஊரில் காலையில் தே தாரிக் என்ற நுரைத் தேநீரும் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். இங்கே காப்பித் தம்ளரை வைத்த கணமே அடுத்த ஆள் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

என் மேசையைப் பகிர்ந்துகொண்டவர் வேட்டி கட்டிய ஓய்வு பெற்ற வங்கிக்காரர். என் கதையைப் பாதி கேட்டதுமே கையமர்த்தினார். “எங்க அண்ணா பிள்ளை அஞ்சு வயசு வரைக்கும் வாயே தெறக்கலை. ஆத்துல எல்லாரும் பயந்துண்டு இருந்தோம். இப்போ கலிஃபோர்னியால இருக்கான். ஆம்பளைக் கொழந்தேள் லேட்டாத்தான் பேசும். கவலைப்படாதீங்கோ.”

“பேசாமலே இருந்துட்ட பிள்ளைங்களைப் பத்தி யாரும் ஓட்டல்ல சொல்றதில்ல சார்,” என்றேன்.

அவர் வடையைப் பார்த்தார். “அதுவும் சரிதான்,” என்றார்.

செவ்வாய்க்கிழமை ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்குப் போனேன். குடும்பத்துக்குத் தென்காசிப் பக்கம் பூர்வீகம். தியாகராய நகரில் ஜவுளிக்கடை. கடையைத் தொடங்கிய மாமனார் காலமாகிவிட்டார். மகன் முத்துவேல், என் தங்கை கணவர், இப்போது கடையைப் பார்க்கிறார். செண்பகத்தம்மாள் வாசலுக்கே வந்தார்.

“வாங்க தம்பி. வெயில்ல வாரீய. லாட்ஜில போயி தங்கியிருக்கீயளாமே. எங்க வீட்டுல இடம் இல்லன்னு ஊரு பேசட்டும்னா?”

அந்த முதல் கேள்வியிலேயே எனக்குத் தோல்வி.

கதிர் பின்கட்டில் இருந்தான். துணி துவைக்கும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் படுத்து, உள்ளே துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இயந்திரம் நின்றதும் எழுந்து வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், என் கையை இயந்திரத்தின் பொத்தானின் மேல் வைத்தான். என் கையை அவன் ஒரு சாவியைப் போலப் பயன்படுத்தினான். அழுத்தினேன். மறுபடியும் சுழன்றது. அவன் இரு கைகளையும் படபடவென்று அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு மிக அழகானது.

“பாத்தியளா, எவ்வளவு புத்தி,” என்றார் செண்பகத்தம்மாள். “தாய் பக்கத்துல இருந்து நாலு வார்த்தை பேசினா பிள்ளை பேசிருவான். நான் குறை சொல்லலை. நடந்ததைச் சொல்லுதேன்.”

அவர் சோற்றைப் பிசைந்து உருட்டி, மீன் முள் பார்த்து, அவன் சுழற்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊட்டினார். ஒரு பருக்கை கீழே விழவில்லை. இப்படி ஊட்டுகிறவரை எதிரி என்று எழுதிக்கொள்வது கடினம். ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

முதல் பிறந்தநாளில் வடபழனியில் ஒரு மண்டபம் எடுத்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். அதற்காகவே கிள்ளானிலிருந்து வந்தேன். கதிர் என் மடியில்தான் இருந்தான். அந்த விழாவின் வீடியோவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதில் அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான், கேக் வெட்டும்போது சிரிக்கிறான், பெரியவர்கள் ஆசீர்வதிக்கும்போதெல்லாம் சிரிக்கிறான். என் ஞாபகத்தில் இருப்பது வேறு. கூட்டமே பெயர் சொல்லிக் கைதட்டியது. அவன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் ஞாபகம் பொய்யா, வீடியோ பொய்யா என்று பார்க்கப் புதன்கிழமை வடபழனிக்குக் கிளம்பினேன்.

பேருந்தில் நடத்துநர் “வடபழனி வந்தா சொல்றேன்” என்றார், சொல்லவில்லை. பணிமனையைத் தாண்டி எங்கோ இறங்கி, திரும்பி நடந்தேன். வழியெல்லாம் முகூர்த்தக் கூட்டம். மணமக்கள் ஒரு ஆட்டோவில், அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே படம் பிடிக்கும் ஒருவர். கிள்ளானில் பேருந்து நிறுத்தத்தின் பெயரைத் திரையில் போடுவார்கள். ஆனால் எங்கள் பேருந்து வருவதே அபூர்வம். இங்கே ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே நிற்கிறது.

வீடியோ கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. படத்தொகுப்புச் செய்பவர் முப்பது வயதுக்காரர், காதில் ஹெட்போன் மாட்டியபடியே பேசினார்.

“வெட்டினதெல்லாம் வச்சிருக்கீங்களா?”

“ஹார்ட் டிஸ்க்ல கீது சார். இன்னாத்துக்கு? ஆல்பம் நல்லா வந்துச்சே.”

“குழந்தை எல்லா இடத்துலயும் சிரிக்கிறானே.”

“அது ஒரே ஷாட் சார்.” அவர் கூச்சப்படவில்லை. தொழில் நுணுக்கத்தை விளக்கும் குரலில்தான் சொன்னார். “கொழந்த கேமராவ பாக்கவே இல்ல. எங்க ஆளு கிலுகிலுப்பை ஆட்டிக்கினே நின்னான், கூப்ட்டான், விசில் அடிச்சான். ஒரே ஒரு தபா சிரிச்சிச்சு. அத்த ஸ்லோ பண்ணி, திருப்பிப் போட்டு, பாட்டு வச்சி நாலு எடத்துல சேத்துட்டோம். பாக்காத கொழந்தய பாத்துட்டு யாரு சார் காசு குடுப்பாங்க?”

இது இங்கே எல்லோரும் செய்வது. வீட்டார் கேட்பதும் இதைத்தான். விழா வீடியோ என்பது நடந்ததன் பதிவு அல்ல, நடந்திருக்க வேண்டியதன் பதிவு. ஆனால் மாலதி அந்த வீடியோவை எத்தனை இரவு பார்த்து, “அப்ப நல்லாத்தான இருந்தான், நான் வேலைக்குப் போனப்புறம்தான்” என்று தன்னையே குற்றம்சாட்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். வெட்டி எறிந்த காட்சிகளைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கரும்புச்சாறு குடித்துக் கொண்டாடினேன்.

வியாழக்கிழமை மதியம், வாடிக்கையாளர் குறைந்த நேரத்தில், தியாகராய நகர்க் கடையின் மேல்தளத்தில் எல்லோரையும் வரச் சொன்னேன். பட்டுச்சேலை கட்டிய பொம்மைகளுக்கு நடுவே, சேலை விளம்பரம் ஓடும் பெரிய டிவியில் முத்துவேல் பென் டிரைவைச் செருகினார். மாலதி அலுவலகத்தில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். கதிர் சேலைப் பொம்மையின் சுழலும் பீடத்துக்கு அருகே உட்கார்ந்துகொண்டான்.

திரையில் நான் இருந்தேன், மடியில் கதிர். சுற்றிலும் குரல்கள். “கதிரு, கதிர்க்குட்டி, இங்க பாரு.” கிலுகிலுப்பை. விசில். அவன் கண் மின்விசிறியில். காது குத்தும்போது அழுதான். அழும்போதும் யாரையும் தேடவில்லை. அம்மா எங்கே என்று அவன் பார்க்கவில்லை. எதிரே மாலதி கை நீட்டி நின்றாள். காட்சி அவள் கையோடு முடிந்தது.

நான் எழுந்து நின்று தேதியைச் சொன்னேன். விழா நடந்தது எப்போது, மாலதி வேலைக்குத் திரும்பியது எப்போது. “அப்ப செல்போன் இல்ல, ஆபீஸ் இல்ல. அம்மா இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்துலதான். ஆனா அறிகுறி இருந்திருக்கு. இப்ப சொல்லுங்க.”

முத்துவேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செண்பகத்தம்மாள் முந்தானையை இழுத்து முடிந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். “அப்போ வயித்துல இருக்கையிலேயே வந்திருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன், கிரகணத்தன்னிக்கு வெளிய போகாதேன்னு. கேட்டாளா? ஸ்கூட்டர ஓட்டிக்கிட்டு போனா.”

தேதியை முன்னால் தள்ளினேன். குற்றமும் கூடவே முன்னால் போய்விட்டது. இன்னும் தள்ளினால் எங்கள் பரம்பரைக்குப் போகும், கிள்ளானுக்குப் போகும், அப்பா கப்பலேறிய நாளுக்குப் போகும். என் ஆயுதத்தை நானே அவர் கையில் கொடுத்திருந்தேன்.

மாலதி எழுந்தாள். அவள் பேசியது மாமியாரிடம் அல்ல, என்னிடம்.

“அண்ணே, உங்கள யாரு எனக்கு வக்கீல் வேலை பாக்கச் சொன்னது?”

“உனக்காகத்தான்...”

“நான் வேலைக்குப் போனப்புறம்தான் இவன் திரும்பிப் பாக்காம போயிருந்தா? அப்ப நான் குத்தவாளியா? கையில விலங்கு மாட்டியிருப்பீங்களா?” குரல் உயரவில்லை. “அத்தை தேதி பாக்குறாங்க, நீங்களும் தேதி பாக்குறீங்க. ரெண்டு பேரும் என்னையத்தான் பாக்குறீங்க. அவனப் பாருங்க.”

எல்லோரும் பார்த்தோம். கதிர் சுழலும் பீடத்தின் விளிம்பைக் கண்ணோரத்தால் கவனித்துக்கொண்டிருந்தான். சேலை நுனி அவன் தலையைத் தடவித் தடவிப் போனது.

“நாளைக்கு அடையாறு போறேன். வரவங்க வாங்க. வராதவங்க கடையைப் பாத்துக்கோங்க. வேலையை விடமாட்டேன். இவனுக்குப் பயிற்சி குடுக்கப் பணம் வேணும், அதுக்கு நான் சம்பாதிக்கணும்.” பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கீழே யாரோ ஒரு பெண் ஊதா நிறத்தில் வேறு கரை இருக்கிறதா என்று கேட்பது கேட்டது.

முத்துவேல், “மச்சான், நாளைக்கு நான் காரை எடுக்குறேன்,” என்றார். தன் அம்மாவைப் பார்க்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காரின் பின் இருக்கையில் செண்பகத்தம்மாள் எங்களுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டப்பா, கதிருக்கு இட்லி. முத்துவேல் காரை எடுத்தார்.

காத்திருக்கும் அறையில் எனக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண் செல்போனில் தெலுங்கில் பேசினார். எங்கள் ஊரில் தெலுங்கர்கள் உண்டு. எனக்கு அரைகுறையாகப் புரியும். “பல் டாக்டர்கிட்ட வந்திருக்கேன் அத்தை. பையனும் கூட இருக்கான். கூட்டமா இருக்கு, லேட்டாகும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மகன் காலணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். கதிர் போய் அந்த வரிசையின் முடிவில் தன் செருப்பையும் வைத்தான். அந்தப் பையன் அதை நேராக்கினான்.

மருத்துவர் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பார். தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார், பாதியில் நிறுத்தினார், இன்னும் வேண்டும் என்று அவன் எப்படிக் கேட்கிறான் என்று பார்த்தார். அவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குமிழிக் குப்பியின் மேல் வைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பென் டிரைவைக் கேட்டு வாங்கி, மின்விசிறிக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தார். “இது ரொம்ப உதவி,” என்றார். நான் நினைத்த உதவி அல்ல.

பிறகு சொன்னார். முதலில் காது சோதிக்க வேண்டும். இன்னும் சில முறை வர வேண்டும். ஆனால் ஆட்டிசத்தின் அறிகுறிகள் தெளிவாக இருக்கின்றன. பயிற்சிக்கு முடிவான அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே தொடங்கலாம். மாலதி தலையாட்டினாள். முத்துவேல் கதிரின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செண்பகத்தம்மாள்தான் கேட்டார். “எதனால டாக்டர்? யாரு பக்கமிருந்து வந்தது?”

“பெரும்பாலும் பிறவியிலேயே, மரபணுவில இருக்கிற விஷயம்மா. ஒரு மரபணு இல்ல, நிறைய. சில நேரம் ரெண்டு பக்கமும் சேர்ந்து, சில நேரம் புதுசா. கதிருக்கு இதுதான் காரணம்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. சோதனை பண்ணினாலும் பல பேருக்குத் தெரியாமலே போகலாம். ஆனா எதனால வரலைன்னு சொல்ல முடியும். அம்மா வேலைக்குப் போனதால வரல. செல்போனால வரல. கிரகணத்தால வரல.”

கிரகணத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் சொல்வார்கள் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் முத்துவேல் கார் எடுக்கப் போனார். மாலதி கடிகாரத்தைப் பார்த்தாள். “நீ இங்கிருந்தே ஆபீசுக்குப் போ,” என்றார் செண்பகத்தம்மாள். “பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். அந்தப் பயிற்சி எப்படின்னு எனக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லு. பகல்ல அவன்கூட இருக்கது நான்தானே.” மாலதி மன்னிக்கவில்லை, அது தெரிந்தது. இட்லி டப்பாவில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே ஆட்டோவில் ஏறினாள்.

மரநிழலில் நாங்கள் மூவரும் நின்றோம். கதிர் தன் பாட்டியின் வளையலைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரு,” என்று தொடங்கினார் அவர். சாலையைப் பார்த்துச் சொன்னார். “அத்தன வருசம் குடும்பம் நடத்தினேன். ஒரு நாளு என் மூஞ்சியப் பாத்துப் பேசினதில்ல. கோவம் இல்ல, நல்ல மனுசன். துணி மடிப்பைத்தான் பாப்பாரு. ஒரு ஓரம் கோணலா இருந்தா ராத்திரி எந்திரிச்சு வந்து சரி பண்ணுவாரு. சின்னதுல வெகு நாளு பேச்சே இல்லன்னு எங்க மாமியார் ஒரு தடவ சொன்னாவ. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. மருமவள ஏசினா பழி அவ பக்கத்துலயே நின்னுரும்னு இருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவீயளாமே. இதையும் எழுதிக்கிடுங்க,” என்றார்.

எழுதியிருக்கிறேன், அவர் சம்மதத்தோடு, பெயர்களை மாற்றி. ஆனால் இதற்குள்ள சாட்சி ஒருவர்தான், அவரும் இன்னொருவர் சொல்லக் கேட்டவர். சொன்ன மாமியார் இப்போது உயிரோடு இல்லை, மாலதியின் மாமனாரும் இல்லை. கூச்சம் மிகுந்த ஒரு மனிதரை இன்று நினைத்துப் பார்க்கும்போது அப்படித் தோன்றியிருக்கலாம். அந்தக் காலத்துக் கணவர்கள் பலர் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவர் சிறு வயதில் வெகுநாள் பேசவில்லை என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை. தென்காசிப் பக்கம் அவருடைய அக்கா ஒருவர் இருக்கிறாராம், கேட்டால் தெரியலாம். நான் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை.